டீசல் ஃபுல்... ஆனா வண்டி நகராது! அமெரிக்க பிக்கப்களைப் படுத்தியெடுக்கும் நீல மூடி டேங்க்

ஜனவரி மாதம். அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலை. வெளியே மைனஸ் 20 டிகிரி. பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர், அதில் மாடுகள். டீசல் முக்கால் டேங்க் இருக்கிறது. இன்ஜினில் சின்ன இரைச்சல்கூட இல்லை. அப்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கூடவே ஒரு வாசகம்: இன்னும் இத்தனை மைல்தான், அதற்குப் பிறகு வேகம் மணிக்கு 5 மைல்.

5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். டிரெய்லரில் நிற்கும் மாட்டை இறக்கிவிட்டால் அதுவே வண்டியை முந்திவிடும்.

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் டீசல் பிக்கப் வைத்திருக்கும் அமெரிக்க விவசாயிக்கோ கட்டட கான்ட்ராக்டருக்கோ இதில் கற்பனை எதுவும் தெரியாது. ஊரும் குளிரும் மாறும், கதை மாறாது. காரணம், டீசல் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நீல மூடி. அதன் உள்ளே இருப்பது 'டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட்'. சுருக்கமாக டிஇஎஃப். நம்ம ஊர் பங்க்குகளில் வெள்ளை வாளியில் அடுக்கி வைத்திருக்கும் 'ஆட்ப்ளூ' இருக்கிறதே, அதுவேதான். ஆட்ப்ளூ என்பது ஜெர்மன் வாகன உற்பத்தியாளர் சங்கம் பதிவு செய்த வணிகப் பெயர்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்தத் திரவம் தீர்ந்து போனால் இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகாது. எப்போதும் போல ஓடும். பிறகு ஏன் வண்டி ஊர்கிறது?

உள்ளே என்ன இருக்கு?

பெயர்தான் பெரிது. சரக்கு ரொம்ப சிம்பிள். 32.5 சதவீதம் யூரியா, 67.5 சதவீதம் தாது நீக்கிய சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான். நீல நிறம்கூடக் கிடையாது. பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

டீசல் இன்ஜினுக்குள் வெப்பமும் அழுத்தமும் மிக அதிகம். அந்தச் சூட்டில், காற்றில் சாதுவாக இருக்கும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. அப்படி உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளைத்தான் 'நாக்ஸ்' என்கிறார்கள். வெயில் பட்டால் இது தரைமட்ட ஓசோனாக, புகைமூட்டமாக மாறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கும். கரும்புகை மாதிரி இது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் 'என் வண்டி புகையே விடலையே' என்று சொல்பவரின் வண்டியும் நாக்ஸைக் கக்கிக்கொண்டிருக்கலாம்.

டிஇஎஃப்-ஐ இன்ஜினுக்குள் ஊற்றுவதில்லை. டீசலோடும் கலப்பதில்லை. இன்ஜினைத் தாண்டி, சைலன்சருக்குப் போகும் வழியில் சூடான புகை மீது பொடித்துளியாகத் தெளிக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிறது. யூரியா சூட்டில் உடைந்து அம்மோனியாவாகிறது. அந்த அம்மோனியா, எஸ்சிஆர் எனப்படும் வினையூக்கிப் பெட்டிக்குள் நாக்ஸைச் சந்திக்கிறது. வெளியே வருவது வெறும் நைட்ரஜனும் நீராவியும்.

ஏன் சரியாக 32.5 சதவீதம்? இந்த விகிதத்தில்தான் கரைசலின் உறைநிலை மிகக் கீழே போகிறது, மைனஸ் 11 டிகிரி செல்சியஸ். அதைவிட முக்கியம், உறையும்போது யூரியா தனி, தண்ணீர் தனி என்று பிரியாது. மொத்தமாக உறைந்து, மொத்தமாகவே உருகும். உருகிய முதல் சொட்டிலும் அதே 32.5 சதவீதம் இருக்கும். டக்கோட்டா குளிரில் இது சாதாரண விஷயம் இல்லை.

2010-க்கு முன், பின்

அமெரிக்காவில் ஓடும் பெரும்பாலான பிக்கப்கள் பெட்ரோலில்தான் ஓடுகின்றன. டீசல் என்பது பெரும்பாலும் 'ஹெவி டியூட்டி' ரகம். குதிரை டிரெய்லர், படகு, சக்கரம் வைத்த வீடு என்று எதையாவது இழுப்பவர்கள் வாங்குவது. ஃபோர்டு எஃப்-250, ஷெவர்லே சில்வராடோ 2500, ராம் 2500 இதில் முக்கியமானவை. வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம் என்று எல்லாமே இந்த ஒரே வண்டியில்தான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ, 2010 மாடலிலிருந்து கனரக டீசல் இன்ஜின்களின் நாக்ஸ் அளவைக் கடுமையாகக் குறைத்தது. நிறுவனங்கள் முன் இரண்டு வழிகள். ஒன்று, புகையையே மறுபடி இன்ஜினுக்குள் சுழற்றி, எரியும் சூட்டைக் குறைத்து, நாக்ஸ் உருவாகாமல் தடுப்பது. இரண்டாவது, இன்ஜினை அதன் போக்கில் நன்றாக எரியவிட்டு, வெளியே வரும் புகையை யூரியாவால் கழுவுவது.

முதல் வழியை மட்டுமே நம்பிய நாவிஸ்டார் நிறுவனம், 2012-ல் அதைக் கைவிட்டு யூரியா வழிக்கே வந்து சேர்ந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2011 மாடல் பெரிய பிக்கப்களிலேயே டிஇஎஃப் டேங்க்கை வைத்துவிட்டன. கம்மின்ஸ் இன்ஜின் பொருத்திய ராம் 2500-க்கு அது வந்தது 2013 மாடலில்.

'கூடுதல் செலவு, கூடுதல் தலைவலி' என்று திட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். யூரியா வழியில் இன்ஜினை நன்றாகச் சூடாக, திறமையாக எரியவிட முடிகிறது. இன்ஜினுக்குள் திரும்பிப் போகும் புகை குறைகிறது. இழுவையும் மைலேஜும் இதனால் ஆதாயம் அடைந்தன. டிஇஎஃப் வாங்கும் காசில் ஒரு பகுதி டீசலில் திரும்பி வந்துவிடுகிறது.

நிற்கவில்லை, நிறுத்தப்படுகிறது

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இன்ஜின் ஆயில் தீர்ந்தால் இன்ஜின் சீஸ் ஆகும். டீசல் தீர்ந்தால் வண்டி நிற்கும். டிஇஎஃப் தீர்ந்தால்? ஒன்றும் ஆகாது. பின்னால் வருபவர் சுவாசிக்கும் காற்று கெடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

அப்படியென்றால் காசு கொடுத்து யார் அதை ஊற்றுவார்கள்? அரசுக்கு வந்த சந்தேகம் இதுதான். நியாயமான சந்தேகம்தான். அதனால் திரவம் குறைந்தாலோ, தரம் கெட்டாலோ, யாராவது அமைப்பில் கை வைத்தாலோ, வண்டியே படிப்படியாக ஓட்டுநரை நெருக்க வேண்டும் என்று விதி வந்தது. முதலில் எச்சரிக்கை விளக்கு. பிறகு மணி அடிக்கும். பிறகு இன்ஜின் சக்தி குறையும். கடைசியில், சில மாடல்களில் மணிக்கு 5 மைல். வேறு சில மாடல்களில் இன்ஜின் ஓடும், வண்டி போகாது. இன்ஜினியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'இண்டியூஸ்மெண்ட்'. தூண்டுதல் என்று பொருள். சாலையோரம் மாட்டிக்கொண்டவர்கள் வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

ஆக, சட்டத்தை அமல்படுத்தும் போலீஸ்காரர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மென்பொருள் வடிவில். டேங்க்கை நிரப்பாமல் ஏமாற்றுபவருக்கு இந்த ஏற்பாடு சரியான மருந்து. டேங்க்கை நிரப்பி வைத்திருப்பவரையும் அதே போலீஸ்காரர் பிடித்தால் என்ன செய்வது?

சென்சார் சொன்னால் சொன்னதுதான்

டிஇஎஃப் டேங்க் என்பது வெறும் டப்பா இல்லை. உள்ளே அளவு பார்க்க ஒரு சென்சார், தரம் பார்க்க ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று, உறைந்தால் உருக்க ஒரு ஹீட்டர், பம்ப். வெளியே தெளிப்பான். புகைக்குழாயில் வினையூக்கிக்கு முன்னும் பின்னும் நாக்ஸ் சென்சார்கள். இத்தனையும் உப்புத் தண்ணீர், சேறு, பனி, 300 டிகிரி புகை இவற்றுக்கு நடுவே வேலை செய்ய வேண்டும்.

இதில் ஏதாவது ஒன்று பழுதானால் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. 'திரவத்தின் தரம் சரியில்லை' என்று சென்சார் சொன்னால், டேங்க்கில் தண்ணீர் ஊற்றி ஏமாற்றியவரும், நேற்று புதிய டப்பா வாங்கி ஊற்றியவரும் அதற்கு ஒன்றுதான். கவுண்ட்டவுன் ஆரம்பித்துவிடும். ஒயர் ஒன்று துருப்பிடித்ததற்கு, மருத்துவமனைக்குப் போகிற வழியில் வண்டியின் வேகம் குறையலாம்.

பல மாடல்களில் ஹீட்டர், சென்சார், பம்ப் எல்லாம் ஒரே தொகுப்பு. ஒன்று போனால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். வாரண்டி முடிந்திருந்தால் பில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது அபூர்வம் இல்லை. 2021-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது நிலைமை இன்னும் மோசம். காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் டிஇஎஃப் சென்சார் கிடைக்கவில்லை. நல்ல இன்ஜினோடு ட்ரக்குகள் ஷெட்டில் வாரக்கணக்கில் நின்றன.

கிராமப்புற அமெரிக்காவில் டீலர் ஷோரூம் என்பது சில நேரம் 100 மைல் தள்ளி இருக்கும். மணிக்கு 5 மைல் வேகத்தில் அங்கே போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

கழற்றி எறிந்த வண்டிகள்: 5.5 லட்சம்

இந்த எரிச்சலில் இருந்து ஒரு தொழிலே பிறந்தது. பெயர் 'டிலீட்'. டிஇஎஃப் தெளிப்பான், எஸ்சிஆர் பெட்டி, புகைத்துகள் வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நேர் குழாய் ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டருக்குப் புது மென்பொருள் ஏற்றிவிடுவார்கள். சென்சாரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி இது குற்றம்.

எத்தனை பேர் செய்தார்கள்? இபிஏ 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு அதிர வைத்தது. சுமார் 10 ஆண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. அந்த வண்டிகள் தங்கள் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நாக்ஸ் சுமார் 5.7 லட்சம் டன். விதிப்படி ஓடும் 90 லட்சம் பிக்கப்களைப் புதிதாகச் சாலையில் இறக்கிவிட்டதற்குச் சமம் என்றது அந்த அறிக்கை.

அந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 5.5 லட்சம் வண்டி, 90 லட்சம் வண்டியின் வேலையைச் செய்கிறது. டிஇஎஃப் அமைப்பு வேலை செய்யும்போது எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

எல்லோரும் பழுதுக்குப் பயந்து கழற்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதிக பவர் வேண்டும், கரும்புகை கக்கிக் கெத்து காட்ட வேண்டும் என்று கழற்றியவர்களும் உண்டு. ஆனால் சாலையோரம் ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகு, 'போதும்டா சாமி' என்று மெக்கானிக்கைத் தேடிப் போனவர்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. இதைச் செய்து கொடுத்த மெக்கானிக்குகள் மீது வழக்குகள் பாய்ந்தன. ட்ரக்குகளின் கண்காணிப்பு மென்பொருளை முடக்கியதற்காகச் சிறைக்குப் போன வயோமிங் மெக்கானிக் ஒருவருக்கு, 2025 நவம்பரில் அதிபர் ட்ரம்ப் மன்னிப்பு வழங்கினார். ஒரு தரப்புக்கு அவர் காற்றைக் கெடுத்தவர். இன்னொரு தரப்புக்கு நின்றுபோன வண்டிகளை ஓட வைத்தவர்.

கம்பெனியே ஆட்டம் காட்டினால்?

கழற்றியவர்கள் குற்றவாளிகள். சரி, ஒழுங்காக டிஇஎஃப் ஊற்றி ஓட்டியவர்கள்?

2023 டிசம்பரில் கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய சிவில் அபராதம் அது. ராம் 2500, 3500 பிக்கப்களின் 2013 முதல் 2019 வரையிலான மாடல்களில், சுமார் 6.3 லட்சம் இன்ஜின்களில், மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. தவறு எதையும் கம்மின்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றித் தருவது உள்பட மொத்தச் செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது.

அதாவது, நீல மூடியைத் திறந்து தவறாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் வண்டியும், அரசு சொன்ன அளவுக்குக் காற்றைச் சுத்தம் செய்யவில்லை. ஓட்டுநர் மீது சந்தேகப்பட்டு ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார்கள். வண்டி செய்த கம்பெனியின் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

2025: இறங்கி வந்த இபிஏ

2025 ஆகஸ்டில், ஐயோவா மாநிலக் கண்காட்சியில் வைத்து இபிஏ தலைவர் லீ செல்டின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். இடத்தைக் கவனியுங்கள். சோளமும் பன்றியும் வளர்க்கும் மாநிலம். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு டிஇஎஃப் பற்றி விளக்கவே தேவையில்லை.

2027 மாடலிலிருந்து, டிஇஎஃப் தீர்ந்தாலும் புதிய டீசல் ட்ரக்குகள் திடீரெனச் சக்தி இழக்கக் கூடாது. அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கு, மென்பொருளை மாற்றித் தருமாறு நிறுவனங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. புதிய வழிகாட்டுதல்படி, பழுது என்று விளக்கு எரிந்த பிறகும் பிக்கப்கள் ஆயிரக்கணக்கான மைல் வழக்கம்போல ஓடலாம். அதற்குப் பிறகும் வேகம் ஓரளவுதான் குறையும், ஊர்ந்து போகும் நிலை வராது. பழுது பார்க்கவும் பாகம் வரவழைக்கவும் அந்த அவகாசம் போதும்.

டிஇஎஃப் ஒழிந்தது என்று சிலர் கொண்டாடினார்கள். ஒழியவில்லை. திரவம் ஊற்றத்தான் வேண்டும். கருவியைக் கழற்றக் கூடாது. மாறியது தண்டனையின் வேகம் மட்டும். அதை 15 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி வைத்திருந்தால், கழற்றி எறிந்தவர்களில் எத்தனை பேர் கழற்றாமலே இருந்திருப்பார்கள் என்ற கேள்வி எழாமல் இல்லை.

இதோடு குடும்பம் நடத்துவது எப்படி?

நீண்ட நாள் சிக்கல் இல்லாமல் ஓட்டுபவர்கள் செய்வதில் மந்திரம் எதுவும் கிடையாது. எல்லாமே சமையலறைப் பழக்கம் மாதிரிதான்.

முதலில், பழைய சரக்கை வாங்காதீர்கள். டிஇஎஃப் கெட்டுப்போகும். சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 22241 விதிப்படி, 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30 டிகிரி என்றால் 12 மாதம், 35 டிகிரி என்றால் வெறும் 6 மாதம். சூடு ஏற ஏற யூரியா மெல்ல அம்மோனியாவாகப் பிரியும். மூடியைத் திறந்ததும் மூக்கில் சுரீரென்று அடித்தால் அதுதான் காரணம். அப்படிப்பட்ட திரவத்தை ஊற்றினால் தரம் பார்க்கும் சென்சார் சிணுங்கும். அந்தச் சிணுங்கலில் சென்சார் மீது தப்பில்லை. அமெரிக்காவில் டப்பா மீது அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்கள். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள நெடுஞ்சாலை பங்க்கில் குழாயிலிருந்து பிடிப்பது இன்னும் நல்லது. அங்கே சரக்கு தேங்காது.

இரண்டாவது, வாய் வரை நிரப்பாதீர்கள். உறையும்போது டிஇஎஃப் சுமார் 7 சதவீதம் விரியும். குளிர்நாட்டில் வழிய வழிய நிரப்பிய டேங்க்கில் இடம் இருக்காது. முதலில் அடிபடுவது உள்ளே இருக்கும் விலை உயர்ந்த தொகுப்புதான். டிஇஎஃப் உறைந்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஹீட்டர் உருக்கிக்கொள்ளும். குளிர் காலத்தில் உறையாமல் இருக்க எதையாவது கலக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

கலப்பது என்றதும் இன்னொன்று. யூரியாவும் தண்ணீரும்தானே, வீட்டிலேயே தயாரித்தால் என்ன? உர மூட்டையில் வரும் யூரியாவில் வேறு பொருள்கள் இருக்கும். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கும். அவை தெளிப்பானை அடைக்கும், வினையூக்கியின் மேல் படிந்து அதைச் சாகடிக்கும். மிச்சம் பிடித்த காசைப் போல பல நூறு மடங்கு போகும்.

மிகப் பெரிய விபத்து, தப்பான டேங்க்கில் ஊற்றுவது. டிஇஎஃப் குழாய் முனை 19 மில்லிமீட்டர்தான், டீசல் முனை அதைவிடத் தடிமன். அதனால் டீசல் குழாய் நீல மூடிக்குள் நுழையாது. ஆனால் புனல் வைத்து ஊற்றுபவரை எந்த முனையும் தடுக்காது. டீசல் டேங்க்கில் டிஇஎஃப் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் டேங்க்கைக் காலி செய்தால் தப்பிக்கலாம். ஸ்டார்ட் செய்துவிட்டால் உயர் அழுத்த பம்ப், இன்ஜெக்டர் என்று வரிசையாகத் துருவும் உப்பும் ஏறும். நீல டேங்க்கில் டீசல் விழுந்தாலும் சேதம் சின்னதில்லை. ரப்பர் சீல்கள் ஊறிப் பருத்துவிடும்.

வண்டியைச் சும்மா நிறுத்தி இன்ஜினை ஓடவிடுவது, தினமும் 2 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவது. இரண்டுமே டிஇஎஃப் அமைப்புக்கு எதிரி. புகை போதிய சூடாகாவிட்டால் யூரியா முழுசாக உடையாது. பாதியில் நின்றது வெள்ளைக் கல்லாகக் குழாயில் படியும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் கொஞ்சம் பாரத்தோடு ஓட்டச் சொல்வது இதனால்தான். கடைக்குப் போக மட்டும் ஹெவி டியூட்டி டீசல் வாங்கியவருக்குத்தான் அதிகத் தொல்லை வருகிறது என்பது கேட்க முரணாக இருக்கலாம், உண்மை அதுதான்.

எவ்வளவு தாங்கும்? பிக்கப்களின் டேங்க் சுமார் 20 லிட்டர் சுற்றளவில் இருக்கும். காலியாக ஓட்டினால் சில ஆயிரம் மைல் போகும். மலைப்பாதையில் பெரிய டிரெய்லரை இழுத்தால் அதில் பாதிகூட வராது. அதனால் நீண்ட பயணத்துக்கு முன் மீட்டரைப் பார்ப்பதும், பின்னால் ஒரு டப்பா போட்டுக்கொள்வதும் பழகிய கைகளின் வழக்கம். வெயிலில் கிடந்த அந்த டப்பாவை அடுத்த வருஷம் ஊற்றாமல் இருப்பதும்தான்.

பாட்டில் கிடைக்காத நாட்கள்

டிரைவர், கம்பெனி, அரசு மூவரையும் தாண்டி இன்னொரு பலவீனமும் உண்டு. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தென்கொரியா தன் வண்டிகளுக்கான யூரியாவில் ஏறத்தாழ முழுவதையும் சீனாவிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. ஹூண்டாய் போர்ட்டர், கியா பாங்கோ போன்ற ஒரு டன் பிக்கப்களை நம்பிப் பிழைக்கும் காய்கறி வியாபாரிகளும் பார்சல் டிரைவர்களும் யூரியா தண்ணீருக்காக வரிசையில் நின்றார்கள். விலை பல மடங்கு ஏறியது. கடைசியில் அரசு, ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டரைத் தூக்கி வந்தது. அடுத்த மாதம் அந்த ஆஸ்திரேலியாவுக்கே தட்டுப்பாடு வந்தது தனிக்கதை.

நம்ம ஊரில்?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி அமலில் இருக்கிறது. நாமக்கல் லாரிக்காரர்களுக்கு ஆட்ப்ளூ பழகிப்போன செலவு. புதிதாக டீசல் எஸ்யூவி வாங்கிய ஐடி ஊழியர்களுக்குத்தான் 'இது என்ன இன்னொரு மூடி?' என்ற குழப்பம். பல மாடல்களில், ஆட்ப்ளூ சுத்தமாகத் தீர்ந்த பிறகு இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டேஷ்போர்டில் கிலோமீட்டர் கவுண்ட்டவுன் ஓட ஆரம்பித்ததுமே நிரப்பிவிடுவது நல்லது.

இங்கே குளிர் பிரச்சினை இல்லை. வெயில்தான் பிரச்சினை. டக்கோட்டாக்காரர் மைனஸ் 11-ஐக் கண்டு பயப்படுகிறார் என்றால், வேலூர்க்காரர் பயப்பட வேண்டியது 35-ஐக் கண்டு. உர மூட்டையைக் கரைத்து ஊற்றும் யோசனையும் இங்கே கூடுதல் ஆபத்து. மானிய விலை யூரியாவை வேறு வேலைக்குத் திருப்பிவிடாமல் இருக்க அதன்மேல் வேப்ப எண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். அது வினையூக்கிக்கு ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது.

அடுத்த முறை பங்க்கில் வாளியை எடுத்து நீட்டும்போது, அதில் அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். தகரக் கூரை கோடவுனில் ஒரு முழு கோடையைத் தாண்டி வந்த வாளி என்றால், வேறு வாளி கேளுங்கள்.